பார்சல் வேண்டாம், இங்கேயே சாப்பிடுகிறேன்

அன்புள்ள கதிர்,

நீ கேட்ட வாக்கை என்னால் தர முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னால், அதுவரை நீ நம்பிக்கையோடு படித்துக்கொண்டிருப்பாய். என் கல்யாணம் முடிகிறவரைக்குமாவது ரோட்டோரக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லும்மா, அதைப் பெண் வீட்டில் சொல்லிச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன் என்று போனில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். மாட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் விஷயம் உன்னோடும் என்னோடும் நிற்கவில்லையே. திவ்யாவின் சித்தப்பா ஜெயங்கொண்டத்தில் காரில் போகும்போது என்னைப் பார்த்தார். பார்த்ததை அவர்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து அது உன் அத்தைக்கு வந்து, அத்தையிடமிருந்து அரியலூரில் எனக்குப் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் போய்விட்டது. எல்லோரும் பேசிய பேச்சுக்குப் பதிலையும் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அவர் பார்த்தது இவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியின் முன்னால், சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில், இரண்டு லாரி டிரைவர்களுக்கு நடுவே உட்கார்ந்து கேழ்வரகு அடை தின்றுகொண்டிருந்தாள். அதற்கு அவர் கேட்டதாக நீ சொன்ன கேள்வி: "மாப்பிள்ளையோட அம்மாவுக்கு வூட்டுல சாப்பாடு போட ஆளில்லையா?" இல்லைதான். உன் அப்பா போன பிறகு வீட்டில் சமைப்பதும் நான்தான், சாப்பிடுவதும் நான்தான். ஆனால் நான் அங்கே உட்கார்ந்தது பசிக்காக இல்லை. பசிக்காக உட்கார்ந்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பார். ருசிக்காக உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தே அது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பொம்பளை, அதுவும் என் வயதில், அதுவும் தனியாக, தெருவில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுவதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

உனக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் நம்முடைய பழைய பஸ் பயணங்களிலிருந்து தொடங்க வேண்டும். சென்னைக்கு உன் பெரியப்பா வீட்டுக்குப் போவோம், பழனிக்குப் போவோம், திருச்செந்தூர் போவோம். பஸ் எந்த ஊரில் நின்றாலும் அப்பாவும் நீயும் இறங்குவீர்கள். நான் இறங்க மாட்டேன். இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் தண்ணீர் குடிக்கத் தோன்றும், தண்ணீர் குடித்தால் அடுத்த சங்கடம். அதனால் காலையிலிருந்தே தொண்டையை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுவேன். இதையெல்லாம் யாரும் என்னிடம் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் என் வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று பேப்பரில் சுற்றிய வடையை நீட்டுவார். உன் அப்பாவைக் குறை சொல்வதாக நினைக்காதே. இருக்கிறதிலேயே நன்றாகச் சிவந்த வடையாகப் பார்த்துத்தான் எடுத்து வருவார். "சூடா இருக்கு, பாத்து" என்று வேறு சொல்வார். ஆனால் அது என் கைக்கு வரும்போது சூடாக இருக்காது. அவர் கைக்குச் சூடாக இருந்திருக்கும்.

பிறகு நீ வாயைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்து கதை சொல்வாய். மாஸ்டர் தோசையைத் தூக்கிப்போட்டுப் பிடித்ததை, மூன்று கலரில் சட்னி ஊற்றியதை, பக்கத்து மேஜைக்காரர் ஒரே மூச்சில் டீ குடித்ததை. நீ நன்றாகக் கதை சொல்வாய். நான் அதைக் கேட்டுக்கொண்டே ஆறின வடையைத் தின்பேன். தமிழ்நாட்டில் நான் போகாத ஊர் குறைவு, கதிர். ஆனால் எல்லா ஊருக்கும் எனக்கு ஒரே ருசிதான், ஈரமான செய்தித்தாளின் ருசி. பழனிக்கும் திருச்செந்தூருக்கும் என் நாக்கில் வித்தியாசமே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், கூட வேலை பார்த்த டீச்சரின் மகளுக்கு ஜெயங்கொண்டத்தில் வளைகாப்பு. போய்விட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாசனை வந்தது. சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் சூடான கல்லில் சேர்ந்து வதங்குகிற வாசனை. வளைகாப்புச் சாப்பாடு வயிறு நிறைய இருந்தது. ஆனாலும் கால் அங்கே போய் நின்றது. சரோஜா என்று ஒரு பெண்தான் அந்த வண்டிக்காரி. எனக்கு முன்னால் நின்ற ஆளிடம் "எத்தினிண்ணே?" என்று கேட்டாள். என் பக்கம் திரும்பியதும் "பார்சலாம்மா?" என்றாள். யோசிக்காமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் கேட்டதையும் நான் தலையாட்டியதையும் அன்று நான் கவனிக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் அடை தன் ஆவியிலேயே ஊறி, துணி மாதிரித் துவண்டு கிடந்தது. வாசனை மட்டும் ஜெயங்கொண்டத்திலேயே நின்றுவிட்டது.

வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆவி நீராவதைச் சொல்லித்தர எத்தனையோ முறை கொதிக்கிற பாத்திரத்தின் மேல் தட்டை மூடிக் காட்டியிருக்கிறேன். மூடியின் அடியில் துளித்துளியாக நிற்கும். சூடான எதையும் மூடினால் அது தன்னையே நனைத்துக்கொள்ளும். அன்று அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபோது வேறு உதாரணமே தேவைப்படவில்லை எனக்கு.

அடுத்த வாரம் வேறு வேலை எதுவும் இல்லாமல், அந்த அடைக்காகவே ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினேன். சரோஜா மறுபடியும் "பார்சலாம்மா?" என்றாள். "பார்சல் வேண்டாம், இங்கேயே சாப்பிடுறேன்" என்றேன். தோசைக்கரண்டி கல்லிலேயே நின்றது. ஸ்டூலில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். சரோஜா முந்தானையால் ஒரு ஸ்டூலைத் துடைத்தாள். "அண்ணே, செத்த தள்ளி உக்காருங்க. டீச்சரு மாதிரி இருக்காங்க" என்றாள். என் குடையும் கைப்பையும் சொல்லிக்கொடுத்திருக்கும். குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடை வந்தது. விளிம்பு மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, கடிக்கும்போது வெங்காயம் இனித்து, அதன் பின்னாலேயே சட்னியின் காரம் மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருஷம் நான் பயந்த பயத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான் பதில்.

பழகிய பிறகு சரோஜாவிடம் ஒருநாள் கேட்டேன், ஏன் என்னிடம் மட்டும் பார்சலா என்று கேட்டாய் என்று. அவள் முகம் வாடிவிட்டது. "ஆம்பளைங்க உக்காந்துருக்காங்கல்ல டீச்சர். நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுதான் கேட்டேன். நானே இந்த ஸ்டூல்ல உக்காந்து தின்னதில்ல, வண்டிக்குப் பின்னாடி நின்னுதான் திம்பேன்" என்றாள். அவள் சொன்னது உண்மை. யாரும் என்னைத் துரத்திவிடவில்லை, கதிர். எல்லோரும் என்மேல் வைத்த அக்கறையில்தான் கேட்டார்கள். அப்பாவும் அக்கறையில்தான் ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். நீயும் அக்கறையில்தான் போன் செய்தாய். கோபக்காரர்களோடு சண்டை போட்டுவிடலாம். இத்தனை அக்கறைக்காரர்களோடு எப்படிச் சண்டை போடுவது? அதற்கு ஒரே வழி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவதுதான் என்று கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு நான் சுற்றிய சுற்று உனக்குப் பாதிதான் தெரியும். குரும்பலூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வெயில் காலத்தில் கம்பங்கூழ் விற்கிறார்கள். செம்பில் கூழை ஊற்றி, சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, பொரித்த வடகம் எல்லாம் ஒரு தட்டில் பொதுவாக வைத்திருப்பார்கள். வேண்டியதை எடுத்துக் கடித்துக்கொள்ளலாம். நான் போய் உட்கார்ந்ததும் ஒரு டிராக்டர்க்காரர் வம்புக்கு இழுத்தார். "என்ன டீச்சரம்மா, வூட்டுல கேஸு தீந்துபோச்சா?" என்றார். "கேஸு இருக்கு தம்பி. உன்னைய மாதிரி வம்பு பேசறதுக்குத்தான் வூட்டுல ஆளில்ல" என்றேன். மரத்தடியே சிரித்தது. அவர் எழுந்து வந்து மோர்மிளகாய்த் தட்டை என் முன்னால் வைத்தார். அடுத்த முறை போனபோது "டீச்சருக்கு வடகம் ரெண்டு சேத்து வையி" என்று அவரே கடைக்காரரிடம் சொன்னார். உன் கல்யாணத்துக்கு அவரும் வருவார். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

திருமானூரில் கொள்ளிடத்து மீனை மிளகாய் அரைத்துப் பூசி இரும்புச் சட்டியில் வறுத்துத் தருகிறார்கள். முள் எடுத்து நிதானமாகச் சாப்பிட வேண்டிய சாமான், பார்சல் கட்டினால் வாசனை கவிச்சியாகிவிடும். பெரம்பலூரில் ஒரு ஓட்டலில் "தனியா வந்திருக்கீங்க, ஃபேமிலி ரூம்ல உக்காருங்கம்மா" என்று திரைச்சீலையைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே பழைய அட்டைப்பெட்டிகளும் ஒரு ஓடாத ஃபேனும் இருந்தன. "நான் ஒருத்திதான் வந்திருக்கேன், ஃபேமிலியோட வரல" என்று சொல்லிவிட்டு வாசல் பக்க மேஜையிலேயே உட்கார்ந்தேன். ஜெயங்கொண்டம் ரோட்டில் முந்திரிப்பழக் காலத்தில், பழத்தை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுச் சாப்பிட்டபோது சாறு வழிந்து என் சந்தனக் கலர்ப் புடவையில் கொட்டிவிட்டது. முந்திரிப்பழக் கறை எதற்கும் போகாது என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் புடவையோடு போனது என் தப்புதான். உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு மாடியில் காயப்போடாதே, தெருவெல்லாம் கேட்கும் என்றாள். மாடியில்தான் காயப்போடுகிறேன். கேட்கிறவர்களுக்கு எந்தத் தோப்புப் பக்கம் நல்ல பழம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

லப்பைக்குடிகாட்டில் மும்தாஜ் இருக்கிறாள். என்னிடம் படித்தவள், கல்யாணமாகிக் கணவனோடு துபாயில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவள். அவள் ஊர்க் கடைவீதியில் மாலையில் போடுகிற சமோசாவைப் பற்றி நான் கேள்விப்பட்டுப் போயிருந்தேன். வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் வட்டலப்பம் என்கிற இனிப்பை வைத்தாள். எனக்குச் சர்க்கரை என்றதும் ஒரு ஸ்பூனோடு விட்டாள். சமோசாவுக்கு மட்டும் ஆள் அனுப்பினாள். வா, நாமே போய்ச் சாப்பிடலாம் என்றேன். சிரித்தாள். "அங்க கடக்கரையில பாய் விரிச்சு உக்காந்து, புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஷவர்மா சாப்புடுவோம் டீச்சர். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இங்க எங்க அத்தா கடைக்கே நான் போயி நிக்க முடியாது" என்று தன் அப்பா கடையைச் சொன்னாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "அல்ஹம்துலில்லாஹ், சோத்துக்குக் கொறவில்ல. சூட்டுக்குத்தான் கொறவு" என்றாள். சமோசா நமத்துப்போயிருந்தது. கடல் தாண்டிப் போய்த் தெருவில் உட்கார முடிந்தவளுக்குச் சொந்த ஊர்க் கடைவீதி தூரமாகிவிட்டது.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வருஷம் நீ ஆபீஸ் நண்பர்களோடு வியட்நாம் போனாய். நடைபாதையில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கிண்ணத்தில் எதையோ குடிக்கிற படத்தை அனுப்பினாய். உன் பக்கத்தில் ஒரு வயதான அம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே, ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் தெருவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். உன் ஸ்டூலும் சிவப்பு, என் ஸ்டூலும் சிவப்பு. உன் அம்மா ஜெயங்கொண்டத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் மட்டும் அது எப்படி மானக்கேடாகிறது? வியட்நாமில் அந்த அம்மாவைப் பார்த்து, இவங்களுக்கு வீட்டில் சாப்பாடு போட ஆளில்லையா என்று நீ கேட்டாயா?

உடம்பைப் பற்றிச் சொன்னாய். சர்க்கரை எனக்கு இருக்கிறது. மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், கேழ்வரகும் கம்பும் மீனும்தான் பெரும்பாலும் சாப்பிடுகிறேன். ஒருமுறை வயிறு கெட்டது. அது ரோட்டோரக் கடையில் இல்லை, நீ ஆப்பில் ஆர்டர் போட்டு அனுப்பிய பொட்டலத்தில். என் முன்னால் அடுப்பிலிருந்து இறங்குவதைத்தான் தின்பேன். வெட்டி வைத்ததைத் தொட மாட்டேன். உள்ளூர்க்காரர்கள் தினம் வந்து உட்காருகிற கடையாகப் பார்ப்பேன். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டால் கழிப்பறைக்கு விடுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி, அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் இப்போது எனக்குச் சிநேகிதிகள். வேண்டுமானால் வீட்டுக்கே வரவழைத்துத் தருகிறேன் என்று நீ சொன்னதில் உன் அன்பு தெரிகிறது. ஆனால் அது மறுபடியும் அந்த ஜன்னல்தான், கதிர். செல்போனில் திறக்கிற ஜன்னல்.

இனி நான் சொல்லப் போவதைத் திவ்யாவின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க சம்பந்தி, எங்க கொழுந்தனாரும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். நீ போன் செய்த அதே வாரம் அவர் பெரம்பலூரிலிருந்து காரில் வந்தார், எனக்கு எடுத்த புடவைக்கு அளவு ரவிக்கை வாங்கிப் போக. என்னைப் பற்றிப் பேச்சு கிளம்பிய வீட்டிலிருந்து வருகிறார், என்ன சொல்வாரோ என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். ரவிக்கையை வாங்கிப் பையில் வைத்தார். வாசல் வரை போனவர் நின்று, டிரைவருக்குக் கேட்காமல், "அந்த அடைக் கடை ஜெயங்கொண்டத்துலதானே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"கொழுந்தனாரு சொன்னதுலேர்ந்து அதே நெனப்பா இருக்கு. கேவுரு அடையா, கம்பு அடையா?"

"கேவுரு."

"முருங்கக்கீர போட்டா?"

பெரம்பலூருக்குப் போக வேண்டிய கார் எதிர்த்திசையில் ஜெயங்கொண்டத்துக்குப் போனது. சரோஜா என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். என்னிடம் அவள் கேட்பதை விட்டு ரொம்ப நாளாகிறது. காருக்குள் இருந்தவரைப் பார்த்து, "பார்சலாம்மா?" என்றாள். சம்பந்தியம்மா ஸ்டூல்களைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். முந்தானையை இழுத்துத் தோளில் மூடிக்கொண்டு, "பார்சலே குடுங்க" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. சரோஜா கட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்க் கார் ஜன்னலில் நீட்டினேன். "சூடா இருக்கு, பாத்து" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று எனக்கு உறைத்தது. அப்பா நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உன் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். என் கைக்கு அந்தப் பொட்டலம் சுட்டது. அங்கேயே நிற்க முடியாமல் திரும்பி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து என் அடையைப் பிய்த்தேன். ருசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சம்பந்தியம்மா சீட்டில்தான் இருந்தார். ஆனால் கதவைத் திறந்து, இரண்டு காலையும் வெளியே ரோட்டில் ஊன்றி, பொட்டலத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, விரலை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார். பாதி உள்ளே, பாதி வெளியே. சரோஜா தட்டில் இன்னொரு அடையைக் கல்லிலிருந்து நேராக எடுத்துக்கொண்டு போய் அந்த மடியில் போட்டாள். "இது மொறுமொறுன்னு இருக்கே" என்று அவர் ஆச்சரியமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. முதல் அடை அதே கல்லில் சுட்டதுதான்.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "கல்யாணம் முடியட்டும் சம்பந்தி. அப்பறம் ஒருநா வந்து அந்த ஸ்டூல்லயே உக்காந்துர்றேன்."

"கல்யாணத்துக்கும் ஸ்டூலுக்கும் என்ன சம்பந்தம், சம்பந்தி?" என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ கேட்ட வாக்கைப் பற்றி அங்கேதான் எனக்கு முடிவு தெரிந்தது. நீ கேட்டதும் அவர் சொன்னதும் ஒரே வார்த்தை. முடியட்டும். படிப்பு முடியட்டும் என்றார்கள், பிறகு கல்யாணம் முடியட்டும் என்றார்கள். நீ பிறந்த பிறகு, இவன் பத்தாவது முடிக்கட்டும் என்று நானே சொல்லிக்கொண்டேன். சர்வீஸ் முடியட்டும் என்றேன். அப்பா போனதும் வருஷம் முடியட்டும் என்றார்கள். இப்போது உன் கல்யாணம் முடியட்டும். அது முடிந்தால் உனக்குக் குழந்தை பிறக்கும், குழந்தை வளரட்டும் என்பீர்கள். எதற்காவது ஒருமுறை முடியாது என்று சொல்லாவிட்டால், இந்த வரிசையில் கடைசியாக முடிவது நானாகத்தான் இருப்பேன். கல்யாணம் முடிகிறவரைக்கும் என்பது கொஞ்ச நாள்தானே என்று நீ நினைக்கிறாய். கொஞ்ச நாள்தான். ஆனால் என் அம்மாவை அடக்கி வைத்துவிட்டேன் என்று நீ அங்கே போய்ச் சொல்லித் தொடங்குகிற கல்யாணத்தில், திவ்யா அந்த ஜன்னலுக்கு எந்தப் பக்கம் உட்காருவாள் என்று யோசி.

அம்மா மகனுக்குப் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்கக் கூடாது. அதனால் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போங்கள். போகிற ஊரில் அந்த ஊர்க்காரர்கள் காலையில் எதைத் தின்கிறார்கள் என்று கேட்டுத் தேடிப்போய்த் தின்னுங்கள். பஸ் நின்றால் அவளை இடம் காக்க உட்கார வைக்காதே. சீட்டில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் இறங்குங்கள். இடம் போனால் போகட்டும், அடுத்த ஊர் வரை நின்றுகொண்டே போகலாம். நின்றுகொண்டு போனதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், வாயைச் சுட்ட வடையைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். திரும்பி வந்து அவளுக்குக் கதை சொல்லாதே. அவள் உனக்குச் சொல்லட்டும்.

வருகிற சனிக்கிழமை நீயும் திவ்யாவும் பத்திரிகை வைக்க ஜெயங்கொண்டம் போவதாகச் சொன்னாய். நானும் வருகிறேன். சரோஜாவுக்கும் ஒரு பத்திரிகை எடுத்து வைத்திருக்கிறேன். மாலையில் கல் சூடேறிய பிறகு போவோம். போனதும் அவள் உன்னிடம் "எத்தினி தம்பி?" என்றுதான் கேட்பாள். என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள். திவ்யாவைப் பார்த்து, "பார்சலாம்மா?" என்பாள். பழக்கத்தில் நீ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதே. கேள்வி அவளுக்கு. அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திரு, அடை ஒன்றும் தீய்ந்துவிடாது. பார்சல் என்று அவள் சொன்னால், நீயும் அவளோடு காரில் உட்கார்ந்து ஆறினதையே தின்னு. இங்கேயே என்று சொன்னால், இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போடு.

நான் எப்படியும் வெளியேதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா